ஓட்டுக்கூரையின் முகடு எந்தப் பக்கம் ஓடலாம்? குச்சி, கயிறு, கால்குலேட்டர் போதும்

மொட்டை மாடிக்கு மேல் சாய்வாக ஓடோ ஷீட்டோ போட்டால் வீட்டின் மேல் விழும் வெயில் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். சூரியன் உச்சியில் நிற்கும்போது அது ஒரு துளியும் குறையாது. கூரை தட்டையோ சாய்வோ, வீடு அடைத்திருக்கும் இடத்துக்கு உண்டான வெயில் வந்தே தீரும். எந்த அறைக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு என்பதுதான் மாறும். அதை முடிவு செய்வது முகடு, அதாவது இரண்டு சரிவும் மேலே சேரும் கோடு, ஓடும் திசை. கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கு நான் பார்த்த கணக்கு இது.

1. சாய்வு: 12 அங்குலம் போனால் 7 அங்குலம் ஏறுகிறதா? சுமார் 30 டிகிரி. ரசமட்டமும் டேப்பும் வைத்து அளந்தால் போதும். இதற்கு மொபைல் ஆப் தேவையே இல்லை.

2. திசை: எல்லாம் சொதப்பும் இடம் இதுதான். தளத்துக்குள் கம்பி, மேலே இரும்புக் குழாய். போனை இரண்டடி தள்ளிப் பிடித்தால் காம்பஸ் வேறொரு வடக்கைக் காட்டும். அதனால் மாடியை விட்டு இறங்கி, வாசலில் மட்டமான மண்தரையில் ஒரு குச்சியை நடுங்கள். தூக்குக்குண்டு பிடித்து அது நேராக நிற்கிறதா என்று பாருங்கள். காலை பத்தரைக்கு நிழலின் நுனியில் ஆணி அடித்து, குச்சியில் கயிறு கட்டி அந்த நீளத்துக்கு வட்டம் போடுங்கள். நிழல் சுருங்கி, அப்புறம் எதிர்ப்பக்கம் நீண்டு, ஏப்ரல் நடுவில் என்றால் இரண்டேகால் வாக்கில் வட்டத்தைத் திரும்பத் தொடும். அங்கே இன்னொரு ஆணி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்கு.

3. கணக்கு: ஏப்ரல் நடுவில் கோவைக்கு உச்சிவேளை, அதாவது சூரியன் அன்றைக்கு மிக உயரத்தில் நிற்கும் நேரம், 12:22. அதற்கு மூன்று மணி நேரம் கழித்துச் சூரியன் 45 டிகிரி மேற்கே சாய்ந்திருக்கும். இனி வரும் காஸ் என்பது கால்குலேட்டரில் உள்ள cos பொத்தான். கால்குலேட்டரை டிகிரியில் வையுங்கள், ரேடியன் என்ற இன்னொரு கோண அளவில் இருந்தால் விடை கன்னாபின்னா என்று வரும். சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு சதுர அடியில் விழும் வெயிலை 100 என்று வைத்தால், தட்டைக் கூரைக்கு காஸ் 45, அதாவது 71. முகடு வடக்கு தெற்காக ஓடினால் மேற்குச் சரிவுக்கு 45-இல் சாய்வு 30-ஐக் கழித்து காஸ் 15, அதாவது 97. கிழக்குச் சரிவுக்கு 30-ஐக் கூட்டி காஸ் 75, வெறும் 26. கிழக்கு மேற்காக ஓடினால் காஸ் 45 பெருக்கல் காஸ் 30, இரண்டு சரிவுக்கும் 61. இது சதுர அடிக் கணக்கு; சரிவின் பரப்பு தட்டைக் கூரையைவிட அதிகம் என்பதால் மொத்த வெயில் குறையவில்லை.

மதியத் தூக்கம் போடும் அறை மேற்கே இருந்தால் 97-ஐ அதன் தலையில் கட்டாதீர்கள். முகட்டைத் திருப்ப இடமில்லையா? மேற்குச் சரிவுக்கு மட்டுமாவது வெள்ளை அடித்து, முகட்டில் சூடான காற்று வெளியேற இடைவெளி விடுங்கள். என் கணக்கில் காசுக்கு அதுதான் லாபம், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பின்சேர்க்கை: “உச்சிவேளையின் குட்டை நிழலைப் பார்த்தே வடக்கைக் கண்டுபிடிக்கலாமே” என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஏப்ரல் 18, ஆகஸ்ட் 24 வாக்கில் இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், குச்சிக்கு நிழலே இருக்காது. வட்டமுறைக்கு அந்தத் தொல்லை கிடையாது.