ரொறன்ரோ பன்னிரண்டு மணித்தியாலத் தூரத்தில் இல்லை

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்குக் கிளிநொச்சியில் இருந்தபடி பயண ஒழுங்குகளைச் செய்து கொடுக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், தொடக்கத்தில் நான் விட்ட அதே பிழைகளை விடுகிறார்கள். கடவுச்சீட்டுத் திகதி, பெயரின் எழுத்து ஆகியவற்றை எவரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இறங்கும் நேரத்திலிருந்து ஏறும் நேரத்தைக் கழிப்பது

இதைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊரின் நேரம். யூலை மாதத்தில் கட்டுநாயக்காவில் அதிகாலை 3 மணிக்கு ஏறி, டுபாயில் மாறி, அன்றே பிற்பகல் 3 மணிக்கு ரொறன்ரோவில் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கழித்தால் 12 வரும். ஆனால் கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது; குளிர்காலத்தில் பத்தரை. உண்மையான பயணம் இருபத்தொன்றரை மணித்தியாலம்.

பரந்தனைச் சேர்ந்த ஒரு பெரியம்மாவிடம் “பன்னிரண்டு மணித்தியாலம்தான், பயப்படாதீர்கள்” என்று சொன்னவன் நான். அவருக்கு நீரிழிவு. என் சொல்லை நம்பி ஒரு நேர ஊசிமருந்தை மட்டும் கைப்பையில் வைத்து, மிச்சத்தைச் சூட்கேசில் கட்டிவிட்டார். சக்கர நாற்காலியில் சோர்ந்து கிடந்த தாயைத்தான் மகன் அங்கே கண்டார். பெரியம்மா தேறிவிட்டார். ஆனால் போன மாதம் ஒரு தம்பி இதே கழித்தலை ஓர் ஐயாவுக்கு எழுதிக் கொடுத்தபோது, அந்தத் தாளை வாங்கிக் கிழித்துவிட்டேன்.

தூரத்தை ஒருமுறை பார்த்திருந்தாலே பிழை தெரிந்திருக்கும். கொழும்பிலிருந்து ரொறன்ரோ நேர்த் தூரத்திலேயே ஏறக்குறைய 14,000 கி.மீ. பெரிய பயணிகள் விமானம் மணிக்கு 900 கி.மீ. அளவில் பறக்கும். எங்கும் இறங்காமல் பறந்தாலும் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். டுபாயில் இறங்கி ஏறுகிறவர் எப்படிப் பன்னிரண்டில் போய்ச் சேர்வார்?

இன்சுலின் முழுவதும் கைப்பையில் இருக்கட்டும். பொதியறைக் குளிரில் அது உறைந்து பழுதாகக்கூடும். மேற்கே போகிறவருக்கு அன்றைய நாள் நீளும். ஊசி போடும் நேரங்களை வைத்தியரிடம் கேட்டு, இலங்கை நேரத்திலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள்.

போக எவ்வளவோ, வர அவ்வளவு என்று நினைப்பது

உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. லண்டனுக்குப் போவதைவிடத் திரும்பி வருவது விரைவு.

அதிகாலை விமானத்தின் திகதி

12ஆம் திகதி அதிகாலை 3 மணி என்றால், 11ஆம் திகதி பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே படலையைச் சாத்த வேண்டும்.

வீதியைக் கணக்கில் விடுவது

கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஏறக்குறைய 300 கி.மீ. வாகனத்தில் ஏழு மணித்தியாலம் வையுங்கள். விமான நிலையத்தில் மூன்று. ரொறன்ரோவின் இருபத்தொன்றரையோடு இவற்றையும் கூட்டிய பிறகுதான் அந்தக் கைப்பைக்குள் மருந்தை எண்ணி வையுங்கள்.