கம்பளிப் போர்வையில் ரேஞ்சர் ஹூட்: வெட்டுவதிலிருந்து மழை தாங்க வைப்பது வரை

கற்பனைக் கதைகளில் காட்டில் திரியும் வீரனாக வரும் ரேஞ்சர் என்றதும் பச்சை மேலங்கி, முகத்தை மறைக்கும் ஹூட், இடுப்பில் தோல் பை என்று ஒரு உருவம் எல்லோருக்கும் மனதில் இருக்கும். அந்த வேஷத்தை ஆன்லைனில் ஆர்டர் செய்தால் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான் வந்து சேரும். போட்டோவுக்குச் சரி. மலையில் இரண்டு மணி நேரம் நடந்தால் உள்ளே வேர்வை, வெளியே ஈரம். இடைக்கால ஐரோப்பாவில் காட்டிலும் மேட்டிலும் பிழைத்தவர்கள் உடுத்தியது பெரும்பாலும் கம்பளி, லினன், தோல் என்ற மூன்றைத்தான். அவற்றைக் கொண்டே நாமும் கையால் செய்து, நிஜமான டிரெக்கிங்குக்குப் போட்டுக்கொண்டு போகலாம்.

முதலில் ஹூட் மட்டும் செய்யுங்கள். மேலங்கி வேண்டாம் என்பது என் கட்சி. துணி நிறைய பிடிக்கும், முள்செடியெல்லாம் அதைப் பிடித்து இழுக்கும், நனைந்தால் தூக்க முடியாது. தலை, கழுத்து, தோள் மூன்றையும் மூடும் ஹூட் இருந்தால் குளிரில் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எந்த மாதிரி?

அசல் ஹூட்கள் சில இன்றும் இருக்கின்றன. கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்ற இடத்தில் 1921இல் டென்மார்க்கைச் சேர்ந்த பவுல் நோர்லுண்ட் ஒரு பழைய தேவாலயக் கல்லறையைத் தோண்டினார். உறைந்த மண்ணுக்குள், இடைக்காலத்தில் அங்கே குடியேறி வாழ்ந்த ஸ்காண்டிநேவியர்களான நார்ஸ் மக்களின் உடைகள் கெடாமல் கிடந்தன. பின்பக்கம் நீளமாகத் தொங்கும் துணிக்குழல் கொண்ட ஹூட்கள் பல அங்கிருந்துதான் வந்தவை. சுவீடனில் பொக்ஸ்டென் என்ற இடத்துச் சதுப்பில் 1936இல் கிடைத்த 14ஆம் நூற்றாண்டு மனிதனின் ஹூட்டில் அந்தத் தொங்கல் ஏறக்குறைய 90 செ.மீ. நீளம். அதே 1936இல் நார்வேயின் ஆண்டோயா தீவில், ஷோல்டஹாம்ன் சதுப்பில் இன்னொரு ஹூட் கிடைத்தது. இது 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

முதல் இரண்டிலும் வளைவாக வெட்ட வேண்டிய இடங்கள் உண்டு. ஷோல்டஹாம்ன் ஹூட்டின் அமைப்பு எளிது: மடித்த ஒரு நீளத் துண்டு, முன்னால் ஒரு சதுரம், பின்னால் ஒரு சதுரம், அவ்வளவுதான். எல்லாம் நேர்க்கோடு, துணியும் வீணாகாது. அந்த அமைப்பைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அளவு மட்டும் நம் தலைக்கு ஏற்றபடி.

துணி

"கம்பளி" என்று சொல்லி விற்கும் போர்வைகளில் பாதிக்கு மேல் அக்ரிலிக். வாங்கும்போதே ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். நிஜக் கம்பளி என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், நெருப்பை விலக்கியதும் தானே அணைந்துவிடும், விரலால் நசுக்கினால் சாம்பல் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, கடைசியில் கெட்டியான கறுப்பு மணி மாதிரி நிற்கும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நெருப்புப் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டக்கூடிய துணியைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

மிலிட்டரி பாணிச் சாம்பல் நிறக் கம்பளிப் போர்வை எனக்கு ரொம்பப் பிடித்தது. கர்நாடகப் பக்கத்துக் கறுப்புக் கம்பளியும் அருமையான துணிதான், சாயம் போடாத ஆட்டு நிறம். ஆனால் கழுத்தில் குத்தும். அதை எடுத்தால் உள்ளே பழைய காட்டன் வேட்டியை லைனிங்காகக் கொடுத்துவிடுங்கள்.

வெட்டுவதற்கு முன் துணியைச் சுருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் முதல் துவையலோடு ஹூட் குழந்தைக்குத்தான் ஆகும். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் சோப்பைக் கரைத்து, துணியைப் போட்டு நன்றாகக் கசக்குங்கள், மிதியுங்கள், பிறகு பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, நெசவே தெரியாதபடி துணி இறுகும். காற்று புகாது, வெட்டிய ஓரமும் பிரியாது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கிலாந்தில் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடும் ஆலைகள் இதே வேலையைச் செய்தன. நமக்குக் குளியலறை பக்கெட் போதும்.

அளவும் வெட்டும்

தலைச் சுற்றளவை எடுத்து 4 செ.மீ. கூட்டி, பாதியாக்குங்கள். அதுதான் நீளத் துண்டின் அகலம். தலை 56 செ.மீ. என்றால் 30 வரும். தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலை வழியாக மறுபடி தாடை வரை தளர்வாக டேப்பை வைத்துப் பாருங்கள், 60 செ.மீ. அளவில் இருக்கும். அதில் பாதி முகத் திறப்பின் உயரம்.

இனிமேல் 30 என்றே வைத்துச் சொல்கிறேன். நீளத் துண்டின் நீளம் அதைப்போல நாலு மடங்கு, 120: மடித்த பிறகு ஒவ்வொரு பக்கமும் முகத் திறப்புக்கு 30, சதுரம் சேரும் பிளவுக்கு 30. எல்லாப் பக்கமும் தையலுக்கு 1.5 செ.மீ. விட வேண்டும். ஆக, 33க்கு 123 செ.மீ. நீளத் துண்டு ஒன்று, 33க்கு 33 சதுரம் இரண்டு. ஒரு போர்வையில் பாதிகூடச் செலவாகாது.

கொண்டை போடுகிறவர்கள் அகலத்தில் இன்னும் 4 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். 

ஊசி நூல்

லினன் நூல் கிடைத்தால் அதுதான். கிடைக்காவிட்டால் கெட்டியான காட்டன் நூல். இரண்டில் எதுவானாலும் தேன்மெழுகுக் கட்டியில் நாலு தடவை இழுத்துவிட்டுத் தையுங்கள். சிக்காது, இற்றும் போகாது. எலும்பு ஊசி வைத்துத்தான் தைப்பேன் என்று அடம்பிடிக்க வேண்டாம், இடைக்காலத்திலும் நல்ல தையலுக்கு உலோக ஊசிதான். மெஷினில் தைக்கலாமா? தைக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் சதுரம் சேரும் முனையில் கைத்தையல்தான் சொன்னபடி கேட்கும்.

தையல்

நீளத் துண்டைக் குறுக்காகப் பாதியாக மடியுங்கள், நல்ல பக்கம் உள்ளே இருக்கட்டும். மடிப்பு உச்சந்தலைக்கு. ஒரு ஓரம் முகம், மறு ஓரம் பிடரி. பிடரி ஓரத்தில் மடிப்பிலிருந்து 30 செ.மீ. வரை கெட்டித் தையல் போட்டு நிறுத்துங்கள். முக ஓரத்தில் மேல் 30 செ.மீ. திறந்தே இருக்கும். இரண்டு ஓரத்திலும் கீழே மிச்சமுள்ள 30 செ.மீ. பிளவில்தான் சதுரங்கள் உட்காரப்போகின்றன.

சிக்கலே இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாக.

சதுரத்தை வைர வடிவில் திருப்பிப் பிடியுங்கள். ஒரு முனை மேலே, எதிர்முனை கீழே. மேல்முனை பிளவின் உச்சியில் சேரும், அந்த முனையின் இரு பக்கங்களும் பிளவின் இரு ஓரங்களோடு சேரும். பாவாடைக்குத் தைப்பதுபோல ஒரு பக்கம் கீழிருந்து மேலே போய், உச்சியில் திருப்பி, மறுபக்கம் இறங்கி வந்தால் உச்சியில் ஒரு சின்னச் சுருக்கு விழும். எத்தனை இஸ்திரி போட்டாலும் போகாது, கம்பளி தடிமன் என்பதால் முடிச்சுப்போல் துருத்திக்கொண்டு நிற்கும். பின்பக்கம் என்றால் அது நேராகப் பிடரியில் உறுத்தும்.

இப்படிச் செய்யுங்கள். சதுரத்தின் ஒரு முனையில், இரு ஓரங்களிலிருந்தும் 1.5 செ.மீ. உள்ளே டெய்லர் சாக்கால் ஒரு புள்ளி வையுங்கள். நீளத் துண்டில் பிடரித் தையல் முடிந்த இடத்தில், மடித்த துணியின் இரு அடுக்கிலும் அதேபோல் புள்ளி. ஒரு குண்டூசியை மூன்று புள்ளிகள் வழியாகவும் குத்தி எடுங்கள். இப்போது சதுரத்தையும் ஒரு பக்க ஓரத்தையும் மட்டும் சேர்த்துப் பிடித்து, புள்ளியில் ஆரம்பித்துக் கீழ்நோக்கி தையுங்கள். நூலை முடிந்து அறுத்துவிடுங்கள். மறுபடி அதே புள்ளியில் புது நூலோடு ஆரம்பித்து மறுபக்கம் இறங்குங்கள். புள்ளிக்கு மேலே விட்ட 1.5 செ.மீ. துணியைத் தையலில் பிடிக்கவே கூடாது, அது தன் பாட்டுக்கு மடங்கிக்கொள்ளட்டும். மூன்று தையலும் ஒரே புள்ளியில் சந்தித்தால் சுருக்கு விழ இடமே இல்லை.

முன்பக்கச் சதுரத்துக்கும் இதே முறைதான், ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே உச்சிக்கு மேலே தையல் இல்லை, முகத் திறப்பு. ஒவ்வொரு முறை தலையை நுழைக்கும்போதும் இழுபடுவது அந்த ஒரு முனைதான். கிழிந்துவிட்டது என்று எனக்குப் படம் அனுப்பியவர்கள் எல்லோருக்கும் அதே இடம்தான். முனையின் குறுக்கே ஒரு செ.மீ. நீளத்துக்கு நாலைந்து நூல் ஓட்டி, அதன்மேல் நெருக்கமாகக் காஜாத் தையல் போட்டுவிடுங்கள். சட்டைக் காஜா முனையில் டெய்லர் போடும் அதே வேலை. அதற்குப் பிறகு அசையாது.

எல்லாத் தையலையும் உள்பக்கம் விரித்துப் படியவைத்து, ஓரங்களை ஹெம்மிங் செய்தால் கழுத்தில் உறுத்தாது.

அடி ஓரத்தை உடனே மடித்துத் தைத்துவிடாதீர்கள். சதுரம் முனை கீழாகத் தொங்குவதால் துணியின் இழைகள் அதில் சாய்வாக வருகின்றன. அது தன் எடையிலேயே கொஞ்சம் இழுபட்டு இறங்கும். ஒரு இரவு ஹேங்கரில் மாட்டித் தொங்கவிட்டு, காலையில் வேண்டிய அளவு வெட்டிச் சரிசெய்து மடியுங்கள்.

போட்டுப் பார்க்கும்போது ஓரம் கண்ணை மறைத்தால், முக ஓரத்தை வெளிப்பக்கமாக இரண்டு விரல் அகலம் மடித்துவிடலாம். அல்லது இரு பக்க நெற்றிப்பொட்டுக்கு நேரே ஒரு கயிறு தைத்துத் தலைக்குப் பின்னால் கட்டலாம். வழுக்குப் பாறையில் பக்கவாட்டுப் பார்வை இல்லாமல் நடப்பது ஆபத்து, அழகுக்காக அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பச்சை நிறம்

ரேஞ்சர் என்றால் பச்சைதானே என்பீர்கள். இங்கிலாந்தில் பேர்பெற்ற லிங்கன் பச்சை, வோட் என்ற செடியின் நீலத்தையும் வெல்ட் என்ற செடியின் மஞ்சளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வந்தது. வோட் தருவதும் நம் அவுரி தருவதும் ஒரே நீலச் சாயப்பொருள்தான், அவுரியில் அது கூடுதலாக இருக்கும். கம்பளியைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, கடுக்காய் அல்லது சாமந்திப் பூவில் மஞ்சளாக்கி, பிறகு அவுரித் தொட்டியில் ஒரு முக்கு முக்கினால் இலைப்பச்சையிலிருந்து பாசிப்பச்சை வரை கிடைக்கும். சமையல் மஞ்சள் வேண்டவே வேண்டாம், வெயில் பட்டால் வெளுத்துவிடும். முதல் ஹூட்டுக்குச் சாயமே தேவையில்லை என்பேன். கிரீன்லாந்தில் கிடைத்த துணிகளிலும் ஆட்டின் இயற்கை நிறத்திலேயே நெய்தவை உண்டு.

மழை தாங்க வைப்பது

ஆட்டுரோமத்தில் இயற்கையாக இருக்கும் கொழுப்பு லனோலின். துணியைச் சோப்புப் போட்டுக் கசக்கும்போது மிச்சமிருப்பதும் போய்விடும், திருப்பி ஏற்ற வேண்டும். மருந்துக் கடையில் லனோலின் கேளுங்கள். ஒரு தேக்கரண்டி எடுத்து, ஒரு டம்ளர் கொதிநீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, பால் போல வெளுக்கும் வரை கலக்குங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் இன்னும் கரையவில்லை என்று அர்த்தம், அப்படியே ஊற்றினால் துணியில் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். இதை வெதுவெதுப்பான அரை பக்கெட் தண்ணீரில் ஊற்றி, நனைத்துப் பிழிந்த ஹூட்டை இரவு முழுக்க ஊறவிடுங்கள். முறுக்காமல் பிழிந்து, நிழலில் கிடையாகக் காயப்போடுங்கள்.

தூறல் முத்து முத்தாக உருண்டு ஓடும். அடைமழை தாங்காது. ஆனாலும் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் நனைந்த உணர்வு தராது.

சாயம் போடுவதாக இருந்தால் அது முடிந்த பிறகே லனோலின். மாற்றிச் செய்த ஒருவருக்குச் சிறுத்தைத் தோல் மாதிரி வந்தது, அவருக்கு அது பிடித்தும்விட்டது.

இடுப்புக்கு ஒரு தோல் பை

மிச்ச நேரம் இருந்தால் இது ஒரு மாலை வேலை. குரோம் பதனிடுதல் 19ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம், எனவே இடைக்காலத் தோற்றம் வேண்டுமென்றால் மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் பொருந்தும். தமிழ்நாட்டில் இது நமக்கு வசதி. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு வந்த இ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலுக்குத் திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் பழைய பேர். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: உள்ளே நீலச் சாம்பலாக இருந்தால் குரோம், பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாலும் பட்டைத் தோல் உறிஞ்சிக் கறுக்கும்.

ஒன்றரை மி.மீ. தடிமனுக்கு மேல் போகாத தோலில் 30 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வெட்டுங்கள். ஓரத்திலிருந்து 1.5 செ.மீ. உள்ளே சுற்றிலும் துளைகள், எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே வெளியே என்று வாரைக் கோத்து முடிக்கும்போது இரு நுனியும் வெளிப்பக்கம் வரும். தேன்மெழுகு ஒரு பங்கு, விளக்கெண்ணெய் இரண்டு பங்கு சேர்த்து உருக்கி ஆறவைத்துத் தடவுங்கள்.

மெழுகு பூசிய தோல் தண்ணீர்க் குடுவை எப்படிச் செய்வது என்றும் பலர் கேட்கிறார்கள். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் தேன்மெழுகு 62 டிகிரி தாண்டினால் உருகும், சூடாக எதையும் ஊற்ற முடியாது, உள்ளே கழுவுவதும் பாடு. நான் ஸ்டீல் பாட்டிலுக்குத் தோலில் உறை தைத்து மாட்டிக்கொள்கிறேன்.

கிளம்பும் முன்

இந்த ஹூட் கொடைக்கானல் மேல்மலைக்கும், ஊட்டிக்கும், இமயமலைப் பக்கத்துக்கும். ஏற்காட்டு மே மாதத்துக்குப் போட்டுக்கொண்டு போய் என்னைத் திட்டாதீர்கள். வேஷம் முழுமையாக இருக்கட்டும் என்று கத்தி, வில் எடுத்துக்கொண்டு காப்புக்காட்டுக்குள் போகக் கூடாது. நெருப்பு மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச் குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன, அனுமதி வாங்கித்தான் போக வேண்டும்.

திரும்பி வந்ததும் ஹூட்டைத் துவைக்காதீர்கள். நிழலில் காற்றாடப் போட்டு, சேற்றைக் காய்ந்த பிறகு பிரஷ்ஷால் தட்டினால் போதும். பெட்டியில் வைக்கும்போது காய்ந்த வேப்பிலையோ வசம்போ போட்டு, மாதம் ஒரு தடவை வெளியே எடுத்து உதறி வையுங்கள். அந்துப்பூச்சிக்கு ரொம்பப் பிடித்தது கழுத்து மடிப்புதான், அங்கே முதலில் பாருங்கள்.