இயந்திரப் பதிவுகளை எடுத்துத் தரும் கருவிகள்: ஏஐ ஏஜென்ட்டுக்கு விளக்கம் எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வாங்கும் ஜேசிபி, பொக்லைன் வண்டிகள் பலவும் டெலிமேட்டிக்ஸ் பெட்டியோடுதான் வருகின்றன. எஞ்சின் ஓடிய மணி, டீசல் செலவு, நிற்கும் இடம், பிழைக் குறியீடு எல்லாம் அதன் வழியே சர்வருக்குப் போய்ச் சேர்கின்றன. "கப்பலூர் சைட்டில் நேற்று எந்த வண்டி எவ்வளவு நேரம் ஓடியது?" என்று உரிமையாளர் கேட்டால், ஏஐ ஏஜென்ட் ஒரு மென்பொருள் கருவியை அழைத்து, பதிவை எடுத்துப் பதில் சொல்கிறது. ஏஐ-யை வெளிக் கருவிகளோடு இணைப்பதற்காக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் போன்ற நெறிமுறைகளில், கருவியைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் ஏஜென்ட்டின் கண்ணில் படுபவை அதன் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் அமைப்பு ஆகியவையே; உள்ளே இருக்கும் நிரலை அது பார்ப்பதில்லை. விளக்கத்தில் விடுபட்டதை அது ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஊகமும் தயக்கமில்லாத ஓர் எண்ணாகவே வெளிவருவதால், கேட்டவருக்குச் சந்தேகம் எழுவதில்லை.

அதிகம் காணப்படும் தவறு, மொத்தக் கணக்கையும் ஒரு நாள் கணக்கையும் பிரித்துச் சொல்லாதது. "எஞ்சின் மணியைத் தரும்" என்று மட்டும் எழுதப்பட்ட கருவி 6412.5 என்று திருப்பித் தந்தால், அது வண்டி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து மீட்டரில் ஏறிய மொத்தம் என்பது மெக்கானிக்குக்குப் பார்த்தவுடன் தெரியும், ஏஜென்ட்டுக்குத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. இத்தகைய இயந்திரங்களின் தகவலைப் பகிர்வதற்கான ஐ.எஸ்.ஓ. 15143-3 என்ற சர்வதேசத் தரநிலையிலும் இயங்கிய மணி மொத்தக் கணக்காகவே வருகிறது. எரிபொருளுக்கோ மொத்தமும் உண்டு, கடைசி 24 மணி நேரச் செலவும் தனியாக உண்டு. அந்தக் கடைசி 24 மணி நேரம் "நேற்று" ஆகிவிடாது. எனவே விளக்கம் இப்படி இருப்பது நல்லது: "இது மீட்டரின் மொத்த எஞ்சின் மணி, ஒரு நாளின் ஓட்டத்துக்கு அந்நாளின் தொடக்க, முடிவு அளவீடுகளைக் கழித்துக்கொள்ளவும், வேலையில்லாமல் எஞ்சின் சும்மா ஓடிய நேரமும் இதில் அடங்கும்." மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசும் ஊரில் அந்தக் கடைசிப் பகுதிதான் பில் தகராறைத் தடுப்பது.

அடுத்தது நேரம். சர்வர் யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரக் கணக்கில் தேதியைப் பிரித்தால், நம் ஊரில் காலை 5.30 மணிக்குத்தான் நாள் மாறும். ரிங் ரோட்டில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை ஆறு மணிக்கு முடியும் டிப்பர் ஷிப்டில் கடைசி அரை மணி நேரம் தனியே உதிர்ந்து அடுத்த நாள் கணக்கில் போய் விழும். உள்ளீட்டுத் தேதி எந்த நேர மண்டலத்தைச் சேர்ந்தது, முடிவுத் தேதியும் கணக்கில் சேருமா என்ற இரண்டையும் எழுதாத விளக்கம் முழுமையானதல்ல.

வெற்று விடைக்குப் பொருள் சொல்லாமல் விடுவது இவற்றைவிட மோசமான தவறு என்பது என் கருத்து. மேலூர்ப் பக்கம் கல் குவாரியின் அடியாழத்தில் சிக்னல் கிடைக்காமல் நிற்கும் வண்டி அன்று முழுக்க உழைத்திருக்கலாம். பெட்டி பதிவுகளைச் சேர்த்து வைத்து, சிக்னல் வந்த பிறகு அனுப்பக்கூடும். பேட்டரி இணைப்பைக் கழற்றி வைத்த வண்டியிலிருந்தும் பதிவு வராது. இவை எல்லாவற்றுக்கும் கருவி வெறும் காலிப் பட்டியலைத் தந்தால், "வண்டி ஓடவில்லை" என்று ஏஜென்ட் அறிவித்துவிடும், ஆபரேட்டரின் பேட்டாவும் அதோடு கேள்விக்குள்ளாகும். பூஜ்யம் என்றால் ஓடவில்லை, மதிப்பே இல்லை என்றால் தகவல் வரவில்லை என்று விளக்கத்தில் பிரித்து எழுதி, கடைசியாகத் தகவல் வந்த நேரத்தையும் விடையோடு அனுப்ப வேண்டும். ஒரே விடைக்குள் டீசல் அளவு காலையிலும் எஞ்சின் மணி மாலையிலும் பதிவாகியிருக்கலாம் என்பதால், ஒவ்வொரு மதிப்புக்கும் தனி நேர முத்திரை இருப்பதையும் குறிப்பிட வேண்டும்.

பிழைக் குறியீட்டைப் பாதியாகத் தருவதும் ஆபத்தானது. கனரக வண்டிகளின் மின்னணுப் பாகங்கள் தகவல் பரிமாறும் ஜே1939 முறையில், எந்த அளவீட்டில் கோளாறு என்பதைக் காட்டுவது எஸ்.பி.என். எண்; எஸ்.பி.என். 110 என்பது குளிரூட்டி நீரின் வெப்பநிலை. கூடவே வரும் எஃப்.எம்.ஐ. என்ற கோளாறு வகை எண்தான் என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறது. அது 0 என்றால் வெப்பம் அபாய அளவைத் தாண்டிவிட்டது. 3 என்றால் மின்னழுத்தம் இயல்பைவிடக் கூடுதல், அதாவது சந்தேகம் முதலில் சென்சார் மீதோ வயர் மீதோ விழ வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் வெறும் "110" மட்டும் ஏஜென்ட்டின் கைக்குப் போனால், வயர் கோளாறுக்கும் எஞ்சின் சூடேறியதாகச் சொல்லி வண்டியை நிறுத்தச் சொல்லும். இரண்டு எண்களும் சேர்ந்தே பொருள் தரும் என்பதை விளக்கத்திலேயே எழுதிவிடுவது மேல்.

பேச்சு வழக்கைக் கணக்கில் கொள்ளாத உள்ளீட்டு விளக்கங்களும் உண்டு. எந்தக் கம்பெனி பொக்லைனையும் "ஹிட்டாச்சி" என்று அழைக்கும் வழக்கம் இங்கே இருப்பதால், ஏஜென்ட் அதை உற்பத்தியாளர் பெயராக எடுத்து வடிகட்டினால் மற்ற வண்டிகள் காணாமல் போய்விடும். அதேபோல உரிமையாளர் சொல்வது டி.என். 59 என்று தொடங்கும் பதிவெண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள். கருவி கேட்பதோ 17 எழுத்து அடையாள எண். பதிவெண்ணிலிருந்து அடையாள எண்ணைக் கண்டுபிடிக்கும் கருவியை முதலில் அழைக்க வேண்டும் என்று பெயர் குறிப்பிட்டு எழுதாவிட்டால், இல்லாத எண்ணை ஏஜென்ட்டே புனைந்துவிடக்கூடும். விளக்கத்தில் காட்டும் மாதிரி எண்ணையே உள்ளீடாக அனுப்பிவிடுவதும் நடக்கக்கூடியது. ஆகவே நிஜ வண்டியின் எண்ணை அங்கே மாதிரியாகப் போடக் கூடாது.

விடை பல பக்கங்களாக வருமானால், அடுத்த பக்கத்தை எப்படிக் கேட்பது என்பதையும் எழுத வேண்டும். இல்லையேல் முதல் பக்கத்து வண்டிகளே மொத்த வண்டிகள் ஆகிவிடும். பிழைச் செய்தியும் விளக்கத்தின் ஒரு பகுதியே: "தவறான உள்ளீடு" என்பதால் ஏஜென்ட்டுக்குப் பயனில்லை, "தேதி வரம்பு 31 நாள்களுக்குள் இருக்க வேண்டும்" என்பதுபோல வரம்பைச் சொன்னால் அது தானே திருத்திக்கொண்டு மறுபடி கேட்கும். ஆபரேட்டர் கைப்பட எழுதும் குறிப்புகளும் பதிவில் இருந்தால், அவற்றைத் தகவலாக மட்டுமே கொள்ள வேண்டும், கட்டளையாகக் கொள்ளக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கலாம், ஆனால் அந்த ஒரு வரியை முழுப் பாதுகாப்பாக நம்பிவிடாமல், பதிவை மாற்றவோ அழிக்கவோ முடியாத அனுமதியோடு மட்டும் கருவியைச் சர்வரில் இயக்க வேண்டும்.