பாங்குக்கும் இகாமத்துக்கும் இடையே துஆ கேளுங்கள்

சொந்தத் தேவைக்கான துஆவை (இறைவனிடம் கேட்கும் வேண்டுதலை) தொழுகை முடிந்த பிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போடாமல், பாங்குக்கும் (தொழுகை அழைப்பு) இகாமத்துக்கும் (தொழுகை தொடங்கும் அறிவிப்பு) இடையே கேட்டுவிடுங்கள். தொழுகையை முடிக்கும் சலாம் கொடுத்த கையோடு கடைக்கோ ஆபீசுக்கோ ஓட வேண்டியவர்களுக்கு இது நல்ல வழி. ஜமாஅத்துக்காக (கூட்டுத் தொழுகைக்காக) எப்படியும் காத்திருக்கிறோம், தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

இந்த இடைவெளியில் கேட்கும் துஆ மறுக்கப்படாது என்று நபித்தோழர் அனஸ் (ரலி) அறிவிக்கும் நபிமொழி அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் இருக்கிறது. தொழுகைக்கு வெளியே என்பதால் தமிழிலேயே கேட்கலாம். சஜ்தாவிலும் (நெற்றியைத் தரையில் வைக்கும் நிலை) துஆ அதிகம் கேட்கச் சொல்லப்பட்டிருக்கிறது, ஆனால் தொழுகைக்குள் தாய்மொழியில் கேட்பது பற்றி மத்ஹபுகளிடையே (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகள்) கருத்து வேறுபாடு உண்டு. இங்கே அந்தச் சிக்கல் இல்லை. மகள் கல்யாணம், அடைபடாத கடன் என்று மனதில் இருப்பதை அப்படியே சொல்லலாம். முதலில் அல்லாஹ்வைப் புகழ்ந்து, நபியவர்கள் மீது ஸலவாத் (அவருக்காக அருள் வேண்டும் சொற்கள்) சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பக்கத்தில் தொழுபவருக்குக் கேட்காத குரல் போதும்.

முன் சுன்னத் (கடமைத் தொழுகைக்கு முன் தொழும் கூடுதல் தொழுகை) இருந்தால் முதலில் அதைத் தொழுதுவிடுங்கள், அப்புறம் துஆ. மஃரிபுக்கு (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை) பெரும்பாலும் இடைவெளி மிகக் குறைவு, ஒரு தேவையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் மிம்பர் (உரை மேடை) பாங்குக்குப் பிறகு இது சரிப்படாது. குத்பா (இமாமின் உரை) தொடங்கிவிடும், அதை மௌனமாகக் கேட்க வேண்டும்.