பழைய லோரிக்கு வேக்குவம் பூஸ்டரா, ஹைட்ராலிக்கா? காசைக் கரைக்கும் தவறுகள்

தாப்பா பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் பழைய லோரிக்காரர்கள் பட்டறைக்கு வந்தால் முதலில் சொல்வது, "பிரேக் பெடல் கல்லு மாதிரி இருக்கு, அண்ணே." அடுத்த மூச்சிலேயே, வேக்குவம் (காற்று உறிஞ்சிய வெற்றிடம்) கொண்டு பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டரைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் போட்டுவிடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம்.

பூஸ்டர் உங்கள் காலுக்குத் துணை நிற்கும், அவ்வளவுதான். பிரேக் லைனிங் தேய்ந்து, சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒழுகுகிற லோரியில் எந்தப் பூஸ்டர் போட்டாலும் பிரேக் பிடிக்காது. முதலில் இன்ஜினை அணைத்து, பெடல் கெட்டியாகும்வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது, வியாதி வேறெங்கோ.

இறங்கவில்லையா? அப்போதும் பூஸ்டர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி மாதிரி மேனிஃபோல்டில் (காற்று உள்ளே போகும் குழாயில்) வேக்குவம் கிடைக்காது, அதனால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வேண்டும், பல ஜப்பான் இன்ஜின்களில் அது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் ஒரு ஹாஃப்-கட் கடையில் மலிவாக ஆல்டர்நேட்டர் வாங்கி மாட்டினேன், பேட்டரி நன்றாக சார்ஜ் ஆனது, ஆனால் பின்னால் இருந்த பம்ப் தேய்ந்து கிடந்ததை நான் பார்க்கவே இல்லை. பெடல் கெட்டியானதும் பூஸ்டரை மாற்றினேன், அதுவும் கெட்டி, இன்னொன்று மாற்றினேன். மூன்றாவது வாங்கக் கிளம்பியபோதுதான் பக்கத்துப் பட்டறை போமன் (மெக்கானிக்) ஒரு வேக்குவம் மீட்டரைக் கொண்டுவந்து குழாயில் சொருகினார். முள் 10 அங்குலத்தை (வேக்குவத்தைப் பாதரச அங்குலத்தில் அளப்பார்கள்) தாண்டவில்லை, நல்ல பம்ப் என்றால் 20-ஐத் தாண்டியிருக்க வேண்டும். பூஸ்டருக்குள் இருக்கும் 10 அங்குல விட்டமுள்ள டயாஃப்ரம் (ரப்பர் தட்டு) 20 அங்குல வேக்குவத்தில் ஏறக்குறைய 350 கிலோ தள்ளு கொடுக்கும், பாதி வேக்குவம் என்றால் தள்ளும் பாதிதான். கால் வலிக்காமல் என்ன செய்யும்?

கேமரன் மலைக்குக் காய்கறி ஏற்றப் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வேக்குவம் பூஸ்டரைத் தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்தான், மலை மேலுள்ள தானா ராத்தா உயரத்தில் அது கீழே இருப்பதைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. நல்ல பம்ப் இருந்தால் பெரிதாகத் தெரியாது, ஏற்கெனவே சோர்ந்த பம்ப் என்றால் சுமையோடு இறங்கும்போது நன்றாகவே தெரியும்.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. ஹைட்ரோவேக், ஹைட்ரோமாஸ்டர் என்று சேஸிஸில் தொங்கும் உருளையைக் காட்டி, "நம்ம லோரியில ஏற்கெனவே ஹைட்ராலிக்தானே" என்பார்கள். இல்லை, அதற்கும் பலம் வேக்குவத்திலிருந்துதான் வருகிறது.

சரி, உண்மையான ஹைட்ராலிக் பூஸ்டருக்கு வருவோம். இது பவர் ஸ்டியரிங் பம்பின் எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிறது. அமெரிக்க டீசல் பிக்கப்புகளில் தொழிற்சாலையிலேயே மாட்டி வரும். இடம் குறைவு, பலம் அதிகம், இன்ஜின் வேக்குவத்தைப் பற்றிய கவலையே கிடையாது. ஆனால் உங்கள் லோரியில் பவர் ஸ்டியரிங்கே இல்லையென்றால் பம்ப், பெல்ட், தொட்டி, குழாய் எல்லாம் புதிதாகச் சேர்க்க வேண்டும். அந்தச் செலவுக்கு நல்ல வேக்குவம் பம்ப் ஒன்று வாங்கிவிடலாம் என்பது என் கருத்து. பவர் ஸ்டியரிங் ஏற்கெனவே இருந்தால் கதை வேறு, ஆனாலும் பெல்ட் அறுந்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒரே நேரத்தில் கனத்துப்போகும், பழைய பெல்டோடு மலையிறங்காதீர்கள்.

மாட்டும்போது நடக்கும் பெரிய தவறு, எண்ணெய் திரும்பும் குழாயில். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வருவதையும் பூஸ்டரிலிருந்து வருவதையும் ஒரே T வடிவ இணைப்பில் சேர்த்துவிடுகிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த அழுத்தம் பூஸ்டருக்குள் பின்னால் ஏறி, மிதிக்காமலேயே பிரேக் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் தனித்தனி வழி, நேராகத் தொட்டிக்கு. அப்புறம், பூஸ்டருக்கு ஸ்டியரிங் எண்ணெய், பெடலின் தள்ளை பிரேக் குழாய்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கு பிரேக் எண்ணெய். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் மாற்றி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், ஊற்றினால் ரப்பரெல்லாம் வீங்கிப் போகும்.

எந்தப் பூஸ்டரானாலும் பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் தண்டின் நீளத்தை அளந்து மாட்டுங்கள். கொஞ்சம் நீண்டாலும் பிரேக் முழுதாக விடாது, டிரம் சூடேறி நாறும். சொந்தமாக மாற்றியமைப்பதற்கு முன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆய்வில் நிறுத்தினால் நஷ்டம் உங்களுக்கு.

ஹைட்ராலிக்கில் குழாயைக் கழற்றும் முன் இன்ஜினை அணைத்து, பெடல் கெட்டியாகும்வரை பல முறை மிதித்துவிடுங்கள். இன்ஜின் நின்றாலும் இரண்டு மூன்று பிரேக்குக்கு ஆகட்டும் என்று அக்குமுலேட்டர் என்ற சேமிப்புக் குடுவையில் அழுத்தம் தேங்கியிருக்கும். பட்டறைப் பையன் ஒருவன் மிதிக்காமல் நட்டைத் தளர்த்திவிட்டு, அன்று மாலைவரை தலையிலிருந்து எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.