தகடூர் நாட்டைக் காரில் சுற்றிப் பார்க்க வருவோர் கவனத்துக்கு

பெங்களூரில் விமானம் இறங்கி ஓசூர் வழியாகச் சேலத்துக்கு விரையும் அயலகத் தமிழர் பலர், கிருஷ்ணகிரியையும் தருமபுரியையும் சுங்கச்சாவடிகளாக மட்டுமே அறிந்திருப்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். கி.மு. 2172 அளவிலேயே இரும்பு புழங்கிய மயிலாடும்பாறையும், ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் தகடூரும் (இன்றைய தருமபுரி), 1792 உடன்படிக்கையில் திப்பு ஆங்கிலேயரிடம் இழந்த, அன்று பாராமகால் எனப்பட்ட இப்பகுதியின் கோட்டைகளும் இந்த இரு மாவட்டங்களுக்குள்ளேயே உள்ளன.

கிருஷ்ணகிரி, இராயக்கோட்டை மலைக்கோட்டைகளில் விடிந்ததும் ஏறிவிட வேண்டும்; பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும். வாடகைக் காருக்கு மஞ்சள் எண்பலகை இருக்கிறதா என்று பாருங்கள். உறவினருக்குத் தெரிந்தவரின் சொந்தக் காரை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேர்ந்தபின் காப்பீடு கைகொடுக்காது.

இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. "போகிற வழிதானே, ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ" என்று சித்தப்பாவோ பெரியப்பாவோ சொன்னால், அன்றைக்குக் கோட்டைப் பயணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவின் பெயரிலிருந்த கூட்டுப் பட்டா நிலத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித்தரச் சித்தப்பா கேட்டார். நான் ஊரில் இல்லாத காலமெல்லாம் கிஸ்தி கட்டியவரும், கிணற்றைத் தூர்வாரியவரும், அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவரும் அவர்தான் என்பதால், மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வாரிசுச் சான்றிதழில் என் பெயருக்கு முன் தலைப்பெழுத்து இருந்தது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகப் பின்னால் இருந்தது. இருவரும் ஒருவரே என்பதற்கு உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்றார் பத்திரப்பதிவு அலுவலக எழுத்தர். நோட்டரியிடம் ஓடி வாங்கி வந்தபோது உணவு இடைவேளை. அது முடிந்ததும் கணினி இணைப்பு இல்லை. இணைப்பு வந்தபோது அன்றைய டோக்கன் முடிந்திருந்தது. நாளெல்லாம் மர பெஞ்சில் என்னுடன் உட்கார்ந்திருந்த சித்தப்பா ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை; எனக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பிள்ளைகளுக்குக் காட்டுவதாகச் சொல்லியிருந்த இராயக்கோட்டையை அவர்கள் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்கள்.

ஆகவே, பெயர் வேறுபாட்டுக்கான பத்திரத்தையும் அப்பாவின் இறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியையும் கையில் கொண்டு வாருங்கள். வர இயலாவிடில், உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்திட, இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை உறவினருக்கு அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை செலுத்திவிட வேண்டும். வேளாண் நிலம் உங்களுக்கு மரபுரிமையாக வரலாம். ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றபின் அதை விலைக்கு வாங்க முடியாது. இதை உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தருமபுரி அருங்காட்சியகத்தின் நடுகற்களைக் காண வெள்ளிக்கிழமை தவிர்த்து வேறு நாளில் செல்லுங்கள். ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களை இவ்வளவு அருகில் நின்று காண வேறெங்கும் எனக்கு வாய்த்ததில்லை. அதியமான்கோட்டையில் சென்றாயப் பெருமாள் கோயிலின் பழைய ஓவியங்களையும், பாப்பாரப்பட்டியில் 1925-இல் மறைந்த சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தையும் ஒரே பிற்பகலில் பார்த்துவிடலாம். மல்லச்சந்திரத்தில் பலகைக் கற்களால் அமைந்த பழங்கால ஈமச்சின்னங்களான கல்திட்டைகளுக்கு மட்டும் தனியாக ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள். ஊர்க்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள், பலகைக் கற்களின் மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள்.