ஒளித்து வளர்க்கப்பட்ட யூதக் குழந்தைகளைப் பற்றி வகுப்பில் சொல்வது எப்படி?

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாஜிகளைப் பற்றிச் சொல்லப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து விஷவாயுவில் தொடங்காதீர்கள். கொல்லப்பட்ட யூதக் குழந்தைகள் சுமார் 15 லட்சம் என்பதையும் பிறகு சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவு பெரிய எண் நம் மண்டையிலேயே ஏறாது.

ஒரே ஒரு தெருவைப் பலகையில் வரையுங்கள். நாஜிகள் பிடித்திருந்த நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் ஒரு நாடக அரங்கம், 1942, 43-இல் யூதர்களைப் பிடித்துவந்து, முகாம்களுக்கு ரயிலேற்றி அனுப்பும்வரை அடைத்துவைத்த இடம். எதிரே அவர்களுடைய குழந்தைகளை வைத்திருந்த காப்பகம், நடுவில் டிராம் தண்டவாளம். டிராம் வந்தால் அரங்க வாசலில் நிற்கும் காவலருக்குக் காப்பக வாசல் தெரியாது, அந்தக் கொஞ்ச நேரத்தில் காப்பகத்தில் இருந்தவர்கள் குழந்தைகளை வெளியே கொண்டுபோய்விடுவார்கள், வேறு குடும்பங்கள் அவர்களை வேறு பெயரில் ஒளித்து வளர்க்கும். மூட்டையிலும் துணிக்கூடையிலும் போன கைக்குழந்தைகளும் உண்டு. சரி, தலை எண்ணும்போது மாட்டிக்கொள்ள மாட்டார்களா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அரங்கத்தில் வேலைபார்த்த வால்டர் சுஸ்கிண்ட் பதிவேட்டிலிருந்து அந்தப் பெயர்களையே நீக்கிவிட்டார். இப்படித் தப்பியவர்கள் ஏறக்குறைய 600 பேர். ஆனால் அதற்குமுன் பெற்றோரிடம் போய், பிள்ளையைக் கொடுத்துவிடுகிறீர்களா என்று கேட்க வேண்டியிருந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள், எதுவும் விளக்க வேண்டாம்.

அப்புறம், நடிக்க வைக்காதீர்கள். மேசைக்கடியில் சத்தம் போடாமல் ஐந்து நிமிடம் ஒளிந்திருங்கள் என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், கண்ணாமூச்சி ஆகிவிட்டது, சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குப் பதில் புதுப்பெயரைப் பற்றிப் பேசுங்கள். பழைய பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது, குண்டுவீச்சில் அழிந்த ராட்டர்டாம் நகரிலிருந்து வந்த அநாதை என்று சொல்ல வேண்டும், பல வீடுகளில் கிறிஸ்தவ ஜெபமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். நாலு வயதுக் குழந்தை!

1945-இல் போர் முடிந்ததோடு கதையை முடிக்காதீர்கள். காப்பகத் தலைவி ஹென்ரியெட் பிமென்டெல் ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாமில் கொல்லப்பட்டார், சுஸ்கிண்டும் திரும்பவில்லை, பெரும்பாலான பெற்றோரும் திரும்பவில்லை. யாரோ ஒரு அம்மா திரும்பி வந்தாலும், குழந்தை வளர்த்தவளின் புடவையை, மன்னிக்கவும், பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழும். கடைசிப் பத்து நிமிடத்தைக் கேள்விகளுக்கு விடுங்கள். "பெத்த அம்மாவை மறந்துட்டாங்களா மிஸ்?" என்று கேட்பார்கள். கைக்குழந்தையாகப் போனவர்கள் பலருக்கு நினைவே இல்லை என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.